ஈரம் காயாத அடுப்பு

ஜப்பானியர் பறித்துக்கொள்ளும் முன், பிரேமாவதி தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துக் குடும்பங்களோடு கலந்துபேசித் தன் கடை அரிசியை ஒன்பது வீட்டு அடுப்புகளின் அடியில் புதைத்தாள். ஒருவர் வாய் திறந்தாலும் அனைவருக்கும் சாவு.

மறுநாள் புதன்கிழமை. அவள் அந்த ஒன்பதில் ஒன்றான ராக்காயி வீட்டில் இருந்தபோது சிப்பாய்கள் சோதனைக்கு வந்தனர். மொழிபெயர்ப்பாளன் அய்யாவு, புதிதாக மெழுகிய அடுப்பை உற்றுப் பார்த்தான். வெள்ளிக்கிழமைதான் அடுப்பு மெழுகுவார்கள் என்பது தமிழனுக்குத் தெரியாதா? அவன் அதிகாரியிடம் ஏதோ சொன்னான், சிப்பாய்கள் வெளியேறினர்.

"அவனையும் சேத்துட்டியா, ராக்காயி?"

"அவன் பொண்டாட்டி மூலமா, அக்கா. என் அடுப்பு அரிசியில பாதி இப்ப அவங்க அடுப்புக்கடியிலதான்லா, அதுதான் பத்தாவது அடுப்பு. அவனும் சோறுதானே திங்கிறான்?"

பிரேமாவதி கதவைச் சாத்தினாள். கடையில் எஞ்சிய மூட்டையை எங்கே வைப்பதென்று கலந்துபேச, அய்யாவுவின் மனைவியை அழைத்துவரச் சொன்னாள்.