தங்கை ஊருக்கு எத்தனை மணி நேரம்

இரண்டு நாட்டு விமான நிலையங்களுக்கு நடுவே இருந்த தூரம் ஒரு செவ்வாய்க்கிழமை கூடிவிட்டது. மூன்று மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த விமானம் அன்று ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டது. காற்று என்றார்கள். காற்று எப்போதும்தான் அடிக்கிறது. வியாழக்கிழமை ஏழு மணி நேரம் ஆனது. கருவிகளோடு வந்த அதிகாரிகள் கடலை அளந்து, கடல் வளர்ந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஏன் வளர்ந்தது என்பது படித்த அவர்களுக்குத் தெரியவில்லை. கழிவறை கழுவுகிற பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்தப் பக்கத்து நிலையத்தில் தரை துடைக்கும் அக்காவும், அந்தப் பக்கத்தில் சீருடைகளுக்கு இஸ்திரி போடும் அவள் தங்கையும் அந்தச் செவ்வாய்க்கிழமைதான் போனில் சண்டை போட்டிருந்தார்கள். தங்கைக்கு அப்போது ஏழு மாதம். அவள் கணவன் அங்கேயே டிக்கெட் கொடுப்பவன். "உன் புருஷன் கழுத்துல டை இருக்கு, அதுக்கு மேலதான் ஒண்ணும் இல்ல" என்று அக்கா சொல்லிவிட்டாள். "என் பிரசவத்துக்கு நீ வரவே வேண்டாம்" என்று தங்கை போனை வைத்துவிட்டாள். பேசாத ஒவ்வொரு நாளும் கடல் கொஞ்சம் அகன்றது. விமானிகள் மாற்றுச் சட்டை எடுத்துப் போனார்கள். மேலாளரே நேரில் வந்து, ஈரத்தரையில் நின்று, ஒரு போன் போடச் சொன்னார்.

"அவ முதல்ல போடட்டும் சார். காலைத் தூக்குங்க, துடைக்கணும்."

இரண்டு மாதம் கழித்துத் தங்கையின் கணவன் கூப்பிட்டான். "வலி வந்துடுச்சு. உங்களை வரச் சொல்லல. ஆனா அக்கா, அக்கான்னுதான் கத்துறா."

அக்கா வேலை உடுப்போடு விமானம் ஏறினாள். பதினோரு மணி நேரம் பறந்தும் கரை தெரியவில்லை. விமானி எழுந்து அவள் சீட்டுக்கு வந்தார். "பெட்ரோல் ரெண்டு மணி நேரத்துக்குத்தான் இருக்கு. கடல் நாலு மணி நேரம் பாக்கி. மனசுல இருக்கறதை இறக்கி வைங்கக்கா."

"சரி, அவன் நல்ல பையன்" என்றாள். பொய்க்கு இன்னும் பத்து நிமிடம் கூடியது.

"உண்மையைச் சொல்லும்மா, எனக்கு நாளைக்குப் பல்லு புடுங்கணும்" என்றார் பின்சீட்டுக்காரர்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். "அவனா கூட்டிட்டுப் போனான்? இவளாத்தான் போனா. இவ போனப்புறம் வீட்டுல எனக்குப் பேச ஆளில்ல. அதைச் சொல்ல வாய் வரல, அவனைத் திட்டினேன்."

சக்கரம் தரையைத் தொட்டது. விமானி அவள் சீட்டுக்குப் பக்கத்திலேதான் நின்றுகொண்டிருந்தார். பணிப்பெண் ஊற்றிய டீயில் இன்னும் ஆவி வந்தது.

அக்கா ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த அரைமணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. யார் ஜாடை என்று மறுநாளே சண்டை வந்து, அன்றைய விமானம் நாலரை மணி நேரமானது. இப்போதெல்லாம் பலகையில் பயண நேரம் எழுதுவதில்லை. கேட்பவர்களிடம், "அக்கா இன்னும் வேலைக்கு வரல, வந்ததும் முகத்தைப் பாத்துச் சொல்றோம்" என்கிறார்கள். அவர்களும் சரி என்று உட்கார்ந்துகொள்கிறார்கள்.