மூன்றாவது கேள்வி

விமான நிலையத்தின் சுங்கப் பிரிவில் அவருக்கு ஸ்கேனர் என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது, முப்பது வருஷமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. பெட்டிகளை ஊடுருவிப் பார்க்கும் இயந்திரம் படுத்துவிட்டால்கூட அங்கே யாரும் பதறுவதில்லை. "நம்ம ஸ்கேனர் டூட்டியில இருக்காருல்ல, விடு" என்பார்கள். அதைக் கேட்டு அவருக்கு உள்ளூரக் குளிரும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். காட்டிக்கொள்ளாமல் இருப்பதும் அவருடைய தொழிலில் சேர்த்திதானே.

பெட்டியை அவர் பார்ப்பதே இல்லை. ஆளைத்தான் பார்ப்பார். முகத்தை எல்லாரும் தயார் பண்ணிக்கொண்டு வந்துவிடுவார்கள், கால் மட்டும் நடிக்கப் பழகாது என்பது அவர் கட்சி. வாய் அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, செருப்பு நுனி வெளிவாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தால் போச்சு. அந்தத் தள்ளுவண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிடுவார். அவரிடம் யார் பருப்பும் வேகாது.

கேட்பது மூன்றே கேள்வி. முதல் இரண்டும் சும்மா. "பயணம் எப்படி இருந்தது?", "விமானத்துல தூங்கினீங்களா?" இவற்றுக்குப் பொய் சொல்ல யாருக்கும் அவசியமில்லை. உண்மை பேசும்போது இந்த ஆளின் தோள் எப்படி நிற்கிறது, கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வார். பிறகு மூன்றாவது: "பெட்டியில என்ன இருக்கு?" அப்போது எது மாறுகிறதோ அதுதான் அவருக்கு வேண்டியது. "முதல் ரெண்டையும் விட்டுட்டு நேரா மூணாவதைக் கேக்கறவனுக்கு உண்மை தெரிஞ்சுக்க இஷ்டமில்லன்னு அர்த்தம்" என்று பயிற்சி வகுப்புகளில் அடித்துச் சொல்வார். எல்லாரும் குறித்துக்கொள்வார்கள்.

அன்று மதியம், அறிவிக்க எதுவும் இல்லாதவர்கள் போகிற பச்சை வழியில் ஒரு பெரியவர் வந்தார். எழுபதுக்குப் பக்கத்தில் வயது இருக்கும். ஒரே ஒரு சின்னப் பெட்டி. வலது கையைச் சட்டைப் பைமேல் அழுத்திப் பிடித்திருந்தார். அந்தக் கை நடுங்கியது. நிமிர்ந்து ஸ்கேனரைப் பார்த்தார், பார்த்த மாத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையை எட்டிப் போட்டார். இதற்கு ஸ்கேனர் எதற்கு, கண் தெரியாதவர்கூடப் பிடித்துவிடுவார்.

சோதனை அறையில் எஃகு மேசைக்கு அந்தப் பக்கம் பெரியவரை உட்கார வைத்தார்.

"பயணம் எப்படி இருந்தது?"

"நல்லா இருந்தது."

"விமானத்துல தூங்கினீங்களா?"

பெரியவர் லேசாகச் சிரித்தார். "நேரா மூணாவதுக்கு வந்துடுங்க. உங்க அக்கா எனக்கு எல்லாம் சொல்லியிருக்காங்க."

ஸ்கேனருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மூக்கின் மேல் கண்ணாடி அழுத்திய இரண்டு தடங்கள், காதோரம் அந்த மச்சம். கண்ணாடிக்கடைக்காரர்.

இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் தெருமுனையில் இரண்டு அறை பிடித்து மூக்குக்கண்ணாடிக்கடை வைத்திருந்தவர். ஸ்கேனருக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. மனைவி இறந்து ஒன்பது மாதம். கையில் பால்குடி மறக்காத ஒரு பெண் குழந்தை. ஆறு வயது மூத்த அக்காதான் தன் வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டைத் தூக்கி நிறுத்தினாள். அவள் வந்திராவிட்டால் அப்பனும் மகளும் குட்டிச்சுவராகப் போயிருப்பார்கள். அந்த அக்கா படிக்கிறதுக்கு ஒரு கண்ணாடி வாங்கப் போனாள். வாங்கினாள். பிறகு இரண்டு மாதத்தில் ஐந்து தடவை சட்டம் தளர்ந்துவிட்டது என்று முடுக்கிக்கொண்டு வந்தாள். அவ்வளவு சீக்கிரம் தளருகிற சட்டம் உலகத்தில் கிடையாது. ஊர்ப்பட்ட பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று சொன்ன மனிதருக்கு இது தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள நேரமில்லை.

ஒருநாள் கண்ணாடிக்கடைக்காரரே வந்து முறையாகக் கேட்டார். வெளிநாட்டில் அண்ணனோடு சேர்ந்து கடை போடப் போகிறாராம், அக்காவைக் கல்யாணம் பண்ணி அழைத்துப்போக ஆசையாம். "அவங்களைக் கேட்டுச் சொல்லுங்க" என்றார். கேட்டுச் சொல்வதாக ஸ்கேனரும் ஒப்புக்கொண்டார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்கேனர் ஆளைப் படிக்கப் பழகியதே அக்காவை வைத்துத்தான். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்காரவைத்து, "பத்து விஷயம் சொல்லு, அதுல மூணு பொய்யா இருக்கணும்" என்பார். மூன்றையும் பிடித்துவிடுவார். பொய் சொல்லும்போது அக்காவின் கை பக்கத்தில் கிடக்கும் துணியைத் தேடும். துண்டோ, கைக்குட்டையோ, எடுத்து மடித்துவிடும். அதை அவர் கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை. "எப்படிடா கண்டுபிடிக்கற?" என்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

கண்ணாடிக்கடைக்காரர் கேட்டுவிட்டுப் போன மறுநாள் காலை, அக்கா கட்டிலில் துவைத்த துணிகளைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்கியது. ஸ்கேனர் சீருடையில், கையில் வண்டிச் சாவியோடு, கதவருகே நின்றபடியே கேட்டார். முதல் கேள்வி இல்லை, இரண்டாவது இல்லை.

"அந்தக் கண்ணாடிக்கடைக்காரர் வந்து கேட்டார்க்கா. உனக்கு அதுல இஷ்டமில்லதானே?"

"இந்த வயசுல எனக்கு எதுக்குடா அதெல்லாம்" என்றாள் அக்கா. குழந்தையின் துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். "சரிக்கா, டூட்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. துணி மடிக்கிற நாளில் துண்டை மடிக்காமல் வேறென்ன செய்வாள் என்று மாடிப்படியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று பச்சை வழியில் இரண்டு பேரைப் பிடித்தார். மேலதிகாரி தோளில் தட்டிக்கொடுத்தார்.

இப்போது அந்தக் கண்ணாடிக்கடைக்காரர் எஃகு மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். "கை நடுக்கம் மூணு வருஷமா இருக்கு, வியாதி" என்றார். "யாரும் பார்க்க வேணாம்னு சட்டையோட சேத்துப் பிடிச்சுக்குவேன். உங்களைப் பார்த்ததும் வேகமா நடந்தது வேற. பேச்சுக் குடுக்க வேணாம்னு நெனச்சேன். பழசெல்லாம் எதுக்கு?"

"மன்னிச்சுக்குங்க" என்றார் ஸ்கேனர். அந்த அறையில் அவர் அந்த வார்த்தையை அதிகம் புழங்கியதில்லை.

"உங்க மேல தப்பு இல்லீங்க. அவங்க யோசனை அப்படி. பச்சைக் குழந்தையை விட்டுட்டு நான் போறேன்னு தம்பிகிட்ட என் வாயால சொல்ல முடியாது, வேண்டாம்னுதான் சொல்வேன்னாங்க. ஆனா என் பொய்யை அவன் எப்பவும் பிடிச்சுடுவான், பிடிச்சுட்டா அவனே போகச் சொல்லுவான், வந்துடறேன்னு சொன்னாங்க. உங்க மேல அவ்வளவு நம்பிக்கை. நானும் டிக்கெட் எல்லாம் விசாரிச்சு வச்சிருந்தேன்." பெரியவர் கொஞ்சம் நிறுத்தினார். "அன்னைக்குன்னு பார்த்து உங்களுக்குத் தெரியாமப் போச்சு. என்ன பண்றது?"

மேசையின் எஃகில் தன் முகம் மங்கலாகத் தெரிவதைப் பார்க்கப் பிடிக்காமல் ஸ்கேனர் பெட்டியைப் பார்த்தார். அதைத் திறக்கச் சொல்லவில்லை.

எழுந்திருக்கும்போது பெரியவர் கேட்டார். "அவங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

"சந்தோஷம்" என்று சொல்லி, பெட்டியை இடது கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து போனார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அக்கா சமையலறை மேசையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மகள் வேலை கிடைத்து வேறு ஊர் போய் இரண்டு வருஷமாகிறது. வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்தான். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தார் மனிதர்.

"என்னடா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் அக்கா.

அதற்குமேல் அவரால் முடியவில்லை. எதிரே உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னார். அக்கா பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை.

"நான் எப்படி இருக்கேன்னு கேட்டாரா?"

"கேட்டார்க்கா."

"நீ என்ன சொன்ன?"

"நல்லா இருக்காங்கன்னு சொன்னேன்."

"நம்பினாரா?"

"தெரியலக்கா" என்றார், ஆயிரக்கணக்கான முகங்களைப் படித்தவர்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். "அன்னைக்கு உனக்குத் தெரிஞ்சுதா?"

தெரியவில்லை என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். கண்ணாடிக்கடைக்காரரே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். அக்காவும் இத்தனை வருஷம் அப்படித்தான் நம்பியிருந்தாள். அந்த வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்தது. இந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"தெரிஞ்சுதுக்கா. அப்பவே தெரிஞ்சுது. நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு பயந்துட்டேன்."

அக்கா உரித்த பூண்டை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் எடுத்துப் போட்டாள். பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"உனக்குத் தெரியலன்னு நெனச்சுத்தான் நான் நிம்மதியா இருந்தேன். நம்ம தலையெழுத்து, யாரைக் குத்தம் சொல்றதுன்னு விட்டுட்டேன். உன் மேல ஒருநாளும் வருத்தப்பட்டதில்ல. இப்ப அறுபத்துமூணு வயசுல, புதுசா உன் மேல கோபப்படச் சொல்றியா?"

"கோபப்படுக்கா" என்றார். "திட்டு. நல்லாத் திட்டு."

அவள் திட்டவில்லை. பூண்டுத் தோலைக் கையால் ஒருபக்கமாக ஒதுக்கினாள். அடுப்பைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, கடைக்குப் போனவனிடம் மிச்ச சாமானை விசாரிப்பது மாதிரி கேட்டாள்.

"கூட யாரும் வரலயா?"

"இல்லக்கா. பாஸ்போர்ட்டுல மனைவி பேர் போடற இடம் காலியா இருந்தது, கல்யாணமே பண்ணிக்கல போல. தனியாத்தான் வந்தார்."

அக்கா அப்போதுதான் அழுதாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, கையால் மூடிக்கொள்ளவும் இல்லை. தம்பி பார்க்கட்டும் என்று அழுதாள்.