மங்கைக்குப் பின்னிய கழுத்துக் கம்பளி

காசிமேட்டில் ஐம்பது வருஷம் வலை பின்னிய கோதண்டம் யார் பேச்சையும் லேசில் நம்பமாட்டார். போன வருஷம் வாதம் வந்து கை விழுந்தபோது மூன்று மாதம் சோறு ஊட்டியவள் மருமகள் மங்கை. அதை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை. அவளுக்கு இறால் கம்பெனியில், ஃப்ரீசர் அறையில் வேலை. குளிரில் கழுத்து பிடித்துக்கொள்ளும். கை தேறியதும், தலைவழியாக மாட்டிக் கழுத்தை மூடிக்கொள்ள அவளுக்கு ஒரு கம்பளி பின்ன உட்கார்ந்தார். நீலத்தில் கட்டம் கட்டமாக வெள்ளை மீன்கள்.

ஊசி கொடுத்த பக்கத்து வீட்டு ஜோதிகா, "மீன் போடசொல்லோ நீல நூலு பின்னாடி ஓடும், அத்த லூசா வுடு தாத்தா, இல்லாங்காட்டி சுருங்கிப் பூடும்" என்றாள்.

"வலை கட்ன கைக்கு நீ சொல்றியா? லூசா வுட்டா அவுந்து பூடும்" என்று வலை முடிச்சைப் போலவே ஒவ்வொன்றையும் இழுத்து இறுக்கினார்.

பின்னி முடித்ததை மங்கை மாட்டினாள். அது காதோடு நின்றுவிட்டது. கழுத்துக்கு இறங்கவே இல்லை.

"குட்றீ, பிரிச்சுடறேன்."

"வாணாம் மாமா. அங்க காதும்தான் வலிக்கும். இப்டியே போட்டுக்கறேன்."

கிழவன் மனசு நோகக்கூடாதென்று சொல்கிறாள் என்றே அவர் நினைத்தார். சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு எதிரே நின்று வேவு பார்த்தார். மங்கை வெளியே வந்தாள். நெற்றியையும் காதையும் இறுக்கிப் பிடித்திருந்தது நீலக் கம்பளி. கூட வந்தவள் அதைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள்.

"ஏய், இறால் கையால தொடாத! எங்க மாமனாரு பின்னுனது."

கோதண்டம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.