ஏரிக்கரை வீடு ஏலத்துக்கு வருகிறது

அந்தக் குளிர்காலத்தில் டோர்டிஸ் வாங்கிக் குவித்த மீனுக்கு அளவே இல்லை. அதில் ஒன்றைக்கூட அவள் வாயில் போட்டதில்லை. அத்தனையும் கணினிக்குள் நீந்துகிற மீன்.

விடிவதற்கு முன்பே பனி தள்ளும் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நாட்டின் வடக்குக் கோடியில் இருக்கிற சோர்செலெ ஊரின் சாலைகளைத் திறந்துவிடுவாள். மத்தியானம் வீடு திரும்பியதும் மரஅடுப்பில் இரண்டு கட்டையைச் சொருகி, ஊர் வழக்கப்படி காப்பியில் பாலாடைக்கட்டியை நறுக்கிப் போட்டுக்கொண்டு, அப்பாவின் நாற்காலியில் உட்காருவாள். அப்பாவின் கணினி, அப்பாவின் மைக் வைத்த ஹெட்போன். விளையாட்டின் பெயர் வடகடல். புதிதாக வந்த பொடியன்கள் பிடித்த மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். டோர்டிஸ் அதை வாங்கிப் புகைபோட்டு, சாயங்காலம் சண்டைக்குக் கிளம்புகிறவர்களிடம் இரட்டை விலைக்கு விற்பாள். ஒரு வாள் வாங்கவில்லை, ஒரு நல்ல சட்டை வாங்கவில்லை. விளையாட்டுக்குள் அவளுடைய ஆள் ஓட்டைத் தொப்பியோடு சந்தையில் நின்றது. பார்க்கிறவர்கள் பிச்சைக்காரி என்று ஒரு காசு வீசிவிட்டுப் போனார்கள். அதையும் எடுத்துப் பெட்டியில் போட்டாள்.

தம்பி எஸ்கில் நாட்டின் தெற்குக் கோடியில், மால்மோவில் இருந்தான். அவன் வேலை ஓநாய் அடிப்பது, கொள்ளைக்காரனை வெட்டுவது, லெவல் ஏறுவது. சம்பாதிப்பது அக்கா, ஏறுவது தம்பி என்று பேச்சு. இரண்டும் ஒரே வீட்டுக்காக.

அப்பா ஆல்கோத் ஊரில் பேசியதைவிட வடகடலில் பேசியது அதிகம். அதுவும் ரொம்ப அதிகம் என்று சொல்ல முடியாது. அங்கே ஒரு ஏரிக்கரையில் மரவீடு கட்டியிருந்தார். அந்த விளையாட்டில் ஒருவர் தன் வீட்டுக்குள் இருந்தபடியே வெளியேறினால், அவருடைய உருவம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஆல்கோத் ஒரு பிப்ரவரி மாதம் வழக்கம்போல் கணினியை மூடிவிட்டுப் படுக்கப் போனவர், எழுந்திருக்கவில்லை. ஆனால் வடகடலில், ஏரிக்கரை வீட்டின் கணப்புக்குப் பக்கத்தில், தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருந்தார். கதவு திறக்காது. அவருடைய கடவுச்சொல் அவரோடு போய்விட்டது. ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். டோர்டிஸ் தினமும் பார்த்தாள்.

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும். வடகடலிலும் அதே கதைதான். வீட்டு வரி வாராவாரம் அப்பாவின் பெட்டியிலிருந்து போய்க்கொண்டே இருந்து, ஒருநாள் பெட்டி காலி. கதவில் ஏல ஓலை ஒட்டிவிட்டார்கள். நாற்பதாவது லெவலைத் தொட்டவர் மட்டும் விலை கேட்கலாம். வாங்குகிறவர் இஷ்டப்பட்டால் உள்ளே இருக்கிற ஆளை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒரு சொடுக்கில் அனுப்பிவிடலாம். முன்பின் தெரியாத கிழவரை எவன் வைத்துக்கொள்வான்? அதனால்தான் டோர்டிஸ் தம்பியைக் கூப்பிட்டாள். சவ அடக்கத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

இங்கே எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் 'ஆமாம்' என்று சொல்ல யாரும் வாயைச் செலவழிப்பதில்லை. உதட்டைக் குவித்து, மூச்சை 'ஷுப்' என்று உள்ளே இழுத்தால் ஆயிற்று. கல்யாணமே அந்த ஒரு மூச்சில் நிச்சயமாகும். தெற்கிலிருந்து வந்தவர்கள் யாருக்கோ நெஞ்சடைத்துவிட்டது என்று பதறுவார்கள். பக்கத்து வீட்டு எங்லா வேலியோரம் நின்று, "டோர்டிஸ், நாளைக்கு என் வாசலயும் தள்ளி விட்டுர்றியாம்மா?" என்றால், டோர்டிஸ் ஒரு ஷுப். அவ்வளவுதான். தான் அப்படிச் சொன்னதே அவளுக்குத் தெரியாது. கண் சிமிட்டுவதை யார் எண்ணுகிறார்கள்?

எஸ்கிலோடு விளையாடும்போது அவளுக்கு எரிச்சலூட்டிய விஷயம் ஒன்றுதான்.

"அக்கா, அந்தக் கரடித்தோல சந்தைல போட்டுட்டியா? ... அக்கா? லைன்ல இருக்கியா?"

"இங்கதானடா இருக்கேன். எங்க ஓடிப்போயிட்டேன்?"

"பதிலே காணுமேன்னு கேட்டேன்."

"காதுல என்ன பஞ்சா?" என்பாள் அவள்.

ஏலத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது இருவருக்கும் பொதுவான காசுப்பெட்டியில் கைவைத்தான் எஸ்கில். சவாரிப் பறவை ஒன்று வாங்கிவிட்டான். கேட்கவில்லை, சொல்லவில்லை. டோர்டிஸ் சந்தையிலிருந்து வந்து பார்த்தால், வாரக்கணக்காகப் புகைபோட்ட காசில் பாதியைக் காணோம். வெளியே தம்பி வெள்ளைப் பறவைமேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"டேய், என்னடா இது?"

"கோவப்படாதக்கா. நடந்தே போனா நாப்பதாவது லெவல் கோடைக்குத்தான் வரும். இதுல போனா ஓநாய்க்கு ஓநாய் பறக்கலாம். லெவல் இல்லாம காச மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அவன் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"என் காசுடா அது! ஒரு வார்த்த கேட்டியா? சின்ன வயசுலேர்ந்து உன் கையில காசு நிக்காது. சொன்ன சொல்லும் நிக்காது. வர்றேன்னு சொல்லி அப்பாவ ஏமாத்துன மாதிரிதான் இதும்."

"யாரு ஏமாத்துனது?"

"நீதான். அவரோட கடைசி கிறிஸ்துமஸுக்கு மாடி ரூமுக்குத் தனியா அடுப்பு போட்டு, படுக்கைய விரிச்சு, வண்டி நிறுத்துற எடத்துல தெனம் பனி வழிச்சு வச்சாருடா. எஸ்கில் வர்றான்னு ஊரெல்லாம் சொன்னாரு. வந்தியா?"

எஸ்கில் குரல் உயராமல் சொன்னான்.

"அக்கா, பொய் சொல்லாத. அப்பாவும் நானும் வடகடல்ல அந்த ஏரில மீன் புடிச்சுக்கிட்டிருந்தோம். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரட்டுமாப்பான்னு கேட்டேன். மூணு தடவ கேட்டேன். மனுஷன் வாயே தொறக்கல. ஒரு சத்தம் இல்ல. கல்லு மாதிரி இருந்தாரு. அன்னிக்கே என் ஆள அழிச்சுட்டுப் போனேன். வேண்டாம்னு வாயால சொல்லியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்."

"அப்படிப்பட்டவரு இல்லடா அப்பா."

"உனக்கு இல்ல. எனக்கு அப்படித்தான்."

இரண்டு பேரும் மற்றவர் பொய் சொல்வதாக நினைத்தார்கள். கடைசியில் எஸ்கில்தான் இறங்கி வந்தான். "சரி, விடு. இனிமே நீ உன் வாயால சரின்னு சொல்லாம ஒரு காசு தொட மாட்டேன். சத்தியம்" என்றான். அவள் அதற்கும் ஷுப் என்றாள். "லைன்ல இருக்கியா?" என்றான் அவன்.

பறவை வாங்கினது வீண்போகவில்லை. ஏலத்துக்கு முந்தின நாள் எஸ்கில் நாற்பதைத் தொட்டான். அந்தச் சில நாளில் டோர்டிஸ் தூங்கி வழிந்தபடி வண்டி ஓட்டி, ஒரு தபால்பெட்டியைச் சாய்த்தாள். போன காசில் முக்கால்வாசியை மறுபடி சேர்த்துவிட்டாள். ஓட்டைத் தொப்பியையும் விற்றுவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஏலம். வெளியே பனி கொட்டியது. அடுப்பு தன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. ஏரிக்கரை வீட்டு முன்னால் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். ஏலம் நடத்துகிற மணிக்காரன் ஒரு மரமேடைமேல் நின்றான். ஒருவர் விலை கேட்ட பிறகு மூன்று முறை மணி அடிப்பான். அதற்குள் மேல்விலை வராவிட்டால் முடிந்தது. டோர்டிஸின் ஆள் தொப்பியில்லாமல் ஜன்னலோரம் நின்றது. உள்ளே அப்பா தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார்.

முதலில் நாலைந்து பேர் கேட்டார்கள்.

"போடட்டுமாக்கா?"

"போடு!"

"ஏத்திட்டான். போடட்டுமா?"

"போடுடா, கேட்டுக்கிட்டு நிக்காத!"

"கேக்கறேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்ல."

ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சாம்பல்நரி என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருத்தன் மட்டும் விடவில்லை. இவர்கள் நூறு ஏற்றினால் அவனும் நூறு ஏற்றினான். ஐம்பது ஏற்றினால் ஐம்பது. அவசரமே இல்லாமல், வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே ஏற்றுகிற மாதிரி ஏற்றினான். பிறகு அவன் ஏற்றுவது குறைந்தது. இருபது. பத்து. அவனுக்கும் மடி காலியாகிறது என்று அவளுக்குப் புரிந்தது. சந்தையில் நின்று பழகியவளுக்கு அந்த வாசனை தெரியும்.

"அக்கா," என்றான் எஸ்கில். "அவன் முடிஞ்சுட்டான்னு நெனைக்கறேன். நம்ம பெட்டில இருக்கறது அத்தனையும் ஒரே விலையா போட்டுருவோம். ஒரு காசு மிஞ்சாது. நீ சம்பாதிச்சது மொத்தமும். போடட்டுமா?"

சின்ன விஷயத்துக்கெல்லாம் டோர்டிஸுக்கு வாய் வரும். பெரிய விஷயத்துக்கு எங்கள் ஆட்கள் யாருக்குமே குரல் வராது. ஜன்னலுக்குள் அப்பாவைப் பார்த்தபடி, நெஞ்சு நிறைய மூச்சை உள்ளே இழுத்தாள்.

ஷுப்.

முதல் மணி அடித்தது.

"அக்கா?"

ஷுப். தலையையும் ஆட்டினாள், மால்மோவில் இருக்கிறவனுக்குத் தெரிகிற மாதிரி.

இரண்டாவது மணி.

"அக்கா, சொல்லு. உன் காசு, நீதான் சொல்லணும். வேண்டாம்னாலும் பரவால்ல, சொல்லிரு!"

திரையில் விலை அப்படியே நின்றது. ஏன் நிற்கிறது? இவன் ஏன் போடவில்லை? மூன்றாவது தடவையும் மூச்சை இழுத்தாள். அப்புறம்தான் ஏதோ தப்பென்று உறைத்து, "போடுடா!" என்று அலறினாள். அந்த அலறலும் மூன்றாவது மணியும் ஒன்றாக விழுந்தன.

கூட்டம் கைதட்டிக் கலைந்தது. சாம்பல்நரி கதவைத் திறந்து உள்ளே போனான். எஸ்கில் அவசர அவசரமாக அவனுக்கு எழுதினான்: தயவுசெய்து, உள்ளே இருப்பவரை ஒன்றும் செய்யாதீர்கள், எங்கள் அப்பா. நரி அதைப் படிப்பதற்குள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டான். கணப்புப் பக்கம் போனான். கிழவர் புகையாகக் கலைந்து போனார். தூண்டில் மட்டும் கொஞ்ச நேரம் தரையில் கிடந்தது, பிறகு அதுவும் இல்லை. "ஐயோ, மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன்" என்று பதில் வந்தது.

அப்பா இரண்டாவது தடவை செத்துப்போனார். இந்தத் தடவை டோர்டிஸ் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன்டா போடல?" அவள் கத்தினாள். "பாவி, ஏன்டா போடல?"

"நீதான் ஒண்ணுமே சொல்லல! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"சொன்னேன்டா! மூணு தடவ சொன்னேன்!"

"ஒரு தடவகூட சொல்லல! கடைசில போடுன்னு கத்துனதுதான் கேட்டுச்சு. அதுக்கு முன்னால ஒரு சத்தம் இல்ல. கல்லு மாதிரி..." எஸ்கில் பாதியில் நின்றான். வார்த்தை அவனுக்கே இடறியது. "அக்கா. எப்படிச் சொன்ன? அதே மாதிரி இப்ப சொல்லு."

"எப்படின்னா? சரின்னு சொன்னேன். இப்படி." ஷுப்.

"சொல்லு."

"சொல்லிட்டேனேடா!"

எஸ்கில் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக அவளுக்கு வழி சொன்னான். அமைப்புகளைத் திற. குரல் என்று இருக்கும். 'சின்னச் சத்தங்களை வெட்டு' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் உள்ள டிக்கை எடுத்துவிடு. அவள் எடுத்தாள்.

"இப்ப அடுப்பு இரையறது கேக்குது," என்றான். "மறுபடி சொல்லுக்கா."

ஷுப்.

இந்தத் தடவை பதிலே வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. இப்போது டோர்டிஸ்தான் கேட்க வேண்டியிருந்தது.

"எஸ்கில்? லைன்ல இருக்கியா?"

"அந்த டிக்க நான்தான் போட்டேன்," என்றான் அவன். "அப்பா இருக்கும்போது. ஊருக்கு வந்தப்போ. அடுப்புச் சத்தம் காதக் கிழிக்குதுன்னு நானே போட்டேன். இதே கணினி, இதே மைக்குதானக்கா?"

அவளுக்கு மாடிப்படி கண்ணில் பட்டது. அந்த டிசம்பர் முழுக்க அப்பா கட்டையைச் சுமந்துகொண்டு அதில் ஏறி இறங்கினார். முட்டி வலிக்கும், சொல்ல மாட்டார். கிறிஸ்துமஸ் கழிந்த பிறகும் நாலு நாள் மாடி அடுப்பை அணைக்கவில்லை. ஏன்ப்பா அவன் வரலன்னு கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். வரட்டுமா என்று பையன் கேட்டான், இவர் சரி என்றார். அவரைப் பொறுத்தவரை பேச்சு முடிந்துபோன விஷயம்.

ஷுப், என்றாள் டோர்டிஸ்.

அது கேட்டது. எஸ்கில் அழுதான். முப்பது வயது ஆம்பிளை, மூக்கை உறிஞ்சி, சின்னப் பையன் மாதிரி அழுதான். "மூணு தடவ கேட்டேன்க்கா. மூணு தடவயும் சொல்லியிருப்பாருல்ல? சொல்லிட்டுக் காத்துக்கிட்டு இருந்திருப்பாருல்ல?"

அவளும் அழுதாள். அவன் ஏமாற்றியதாக இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் அவள்தான். திரையில் ஏரிக்கரை வீட்டு ஜன்னலில் சாம்பல்நரி திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் கணினியை அணைக்கப் போனவள், அணைக்காமல் கையை எடுத்துக்கொண்டாள். லைன் போய்விடும்.

"அக்கா," என்றான் கொஞ்சம் தெளிந்து. "நான் வீட்டுக்கு வரட்டுமா?"

பழக்கம் விடுமா? நெஞ்சு நிறைய மூச்சை உள்ளே இழுத்தாள். பிறகு அந்த மைக்கை நம்பாமல், எழுந்து நின்று, அடுப்பு இரைச்சலுக்கு மேலே, வேலிக்கு அந்தப்புறம் எங்லா திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, "வாடா!" என்றாள்.