ஹாலில் நின்ற ராக்கெட்

"ஒயரை வெட்டி எடுத்துடுங்கண்ணே, எங்கண்ணன் மய்யித்தை இங்கதான் கிடத்தணும், வர்ற நேரமாச்சு," என்றாள் ஃபர்சானா.

"வெட்டாதீங்க."

ஜெயினம்பு எழுந்து வந்து குறுக்கே நின்றாள்.

ஹாலை அடைத்துக்கொண்டு நின்றது ராக்கெட். அவள் கணவர் நசுருதீன் கட்டியது. பழைய வேன் சீட், இரண்டு பக்கமும் பிளைவுட், மேலே உப்புக் குவியலை மூடுகிற தார்ப்பாய். அதில் உட்கார்ந்துதான் கம்ப்யூட்டரில் விண்வெளிப் பந்தயம் ஓட்டுவார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது. உடலைக் கிடத்த ஹாலைத் தவிர வேறு இடமில்லை.

"எங்கண்ணனை விடவா அண்ணி இந்தப் பலகை?" ஃபர்சானா பிளைவுட்டைத் தட்டிக் கேட்டாள்.

"பலகையைப் பிரிச்சுக்கோ. உள்ள ஒயரை ஈயம் வச்சுப் பத்த வச்சது நானு. அதை மட்டும் வெட்டாதீங்க."

"வெட்டலக்கா. ஒவ்வொரு ஸ்குரூவா கழட்டறேன்," என்றான் ஆரோக்கியராஜ், சீட்டுக்கு அடியில் மல்லாந்தபடி. மரக்காணத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன்.

நசுருதீன் துபாயில் கிரேன் ஓட்டியவர். கை நடுக்கம் வந்ததும் அனுப்பிவிட்டார்கள். "மேல உக்காந்தே பழகிட்டேன் ஜெயினம்பு, கீழ மூச்சு முட்டுது," என்பார். ஆரோக்கியராஜ்தான், யாரோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தான். "இந்தக் கிழட்டு மாட்டுக்கு இதான் பாய் தோதான நுகத்தடி. காசும் கிடையாது," என்று கம்ப்யூட்டரைத் தட்டினான்.

திரையில் ஓடும் விண்கப்பலைத் திருப்புவதற்கு மொபெட் ஹேண்டில். அதன் அடியில் ரேடியோவின் வால்யூம் திருகு. அதில் மூன்று ஒயரை ஈயம் வைத்துப் பற்ற வைக்க வேண்டும். நடுங்கும் கையில் ஈயம் எங்கெங்கோ சொட்டியது. ஜெயினம்பு வாங்கிக்கொண்டாள். விரலைச் சுட்டுக்கொண்டாலும் முடித்துவிட்டாள். அவர் ஹேண்டிலை ஒரு தரம் ஆட்டித் திரையைப் பார்த்தார்.

"டீ போட்டு எடுத்துட்டு வா. வந்ததும் ஓட்டலாம்."

டீயோடு வந்தபோது, கோடை உப்பளம் போல வெளுத்திருந்த ஒரு கிரகத்தைச் சுற்றிக் கப்பல் வளைந்துகொண்டிருந்தது. "மாஷா அல்லாஹ்! ஒரே தடவையில வேலை செய்யுது பாரு!" அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நான் வெறும் டிரைவருங்க. இஞ்சினியரு இவங்கதான்," என்று கை காட்டுவார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

இப்போது ஹேண்டிலின் அடிப்பலகை கழன்று வந்தது.

"இதென்ன, ஓரத்து ரெண்டு ஒயரும் மாறியில்ல இருக்குது? லெஃப்ட்ல ஒடிச்சா ரைட்ல இல்ல போவும்..." ஆரோக்கியராஜ் சட்டென்று நிறுத்தினான்.

"நல்லாத்தானே போச்சு?"

"ஆமாக்கா. சரியாத்தான் இருக்குது. எனக்குத்தான் இருட்டுல தெரியல."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள்.

"ஆரோக்கியம், மறைக்காத."

அவன் ஸ்குரூவை உள்ளங்கையில் உருட்டினான். "கம்ப்யூட்டர்ல ஒரு இடத்துல டிக் போட்டா திசை திரும்பிக்கும்க்கா. பாய்க்கு நான்தான் காட்டிக் குடுத்தேன். அஞ்சு நிமிஷ வேலை."

டீ கொதிக்கிற நேரம். படைத்தவனைத் தவிர வேறு சாட்சியில்லாத அஞ்சு நிமிஷம். ஒயர் பற்ற வைத்த அன்றைக்கு, மாலை அசர் தொழுதுவிட்டு வந்து அப்போதுதான் ஒரு டீ குடித்திருந்தார். மறுபடி கேட்டபோது, "இப்பத்தானே குடிச்சீங்க, வயிறா அண்டாவா?" என்று முனகிக்கொண்டேதான் அடுப்படிக்குப் போனாள்.

"திருப்பி மாட்டும்போது சரி பண்ணிடறேன்க்கா."

"வேணாம். அப்பிடியே இருக்கட்டும்."

பலகைகள் கொல்லைக்குப் போயின. ஹேண்டிலை ஒயரோடு ஒரு துண்டில் சுற்றி ஆரோக்கியராஜ் அலமாரி மேல் வைத்தான். ஃபர்சானா பாயை விரித்தாள். ஹால் இத்தனை பெரியதா என்றிருந்தது.

சாவு வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டு ராசம்மாள் உப்பளத்து வேலைக்குப் போகாமல், தூக்கு நிறைய டீயோடு இரண்டாம் முறை வந்தாள். ஒவ்வொருவருக்காக ஊற்றிக்கொண்டே வந்தவள், ஜெயினம்புவிடம் தயங்கினாள்.

"நீ இப்பத்தானேம்மா குடிச்ச?"

"பரவால்லக்கா, இன்னொண்ணு குடுங்க," என்று ஜெயினம்பு கையை நீட்டினாள்.

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. எல்லோரும் எழுந்து போனார்கள். அவள் மட்டும் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, ராக்கெட் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.