ரூஃபஸ் சொன்னாரா?

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றியதல்ல. என் தலையில் கட்டப்பட்டது. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் என் வீட்டுக்கு அடுத்த வரிசையில் மெட்டில்டா அக்கா இருக்கிறார். போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தார். சர்ச் புடவைகூட மாற்றவில்லை.

"கிரிஜா, நீதான் பத்திரிகையில கதை எழுதுறியே. எங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒண்ணு எழுதேன்."

"என்ன எழுதணும்க்கா?"

"பிளேன்ல ஏறுறதுக்கு முன்னால அவர் சொன்னாரா, சொல்லலையான்னு எழுது."

"அது எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"உனக்கும் தெரியாதா? அப்புறம் கைக்கு கதை எழுதுறே?"

(கைக்கு என்றால் ஹைதராபாத்தில் எதற்கு.) காபி போடப் போகிறேன் என்று சமையலறைக்குள் நழுவிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "1983. பேகம்பேட்டை விமான நிலையத்தில் இளங்காற்று வீசிய ஒரு ரம்மியமான காலையில்..."

(சீ! இரண்டு பேர் சாகப்போகிற காலையில் என்ன ரம்மியம் வேண்டிக் கிடக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: "ரூஃபஸ் போன்ற மெக்கானிக் ஹைதராபாத்திலேயே கிடையாது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டாலே போதும், அவர்..."

(இதுவும் வேண்டாம். செத்துப்போனவர்கள் எல்லாம் கதையில் மகா கெட்டிக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். அக்காவின் வீட்டுக்காரர் ரூஃபஸ் சுமாரான மெக்கானிக்காக இருந்திருந்தாலும் அக்கா இதே அழுகையைத்தான் அழுதிருப்பார்.)

ஆகவே தொடக்கமே இல்லாமல் விஷயத்துக்குப் போகிறேன்.

3

ஓர் அரசு நிறுவனத்தின் சின்ன விமானம் அது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இரண்டு எஞ்சின். ஒரு வாரமாக வலது எஞ்சின் உதறிக்கொண்டிருந்தது. தரையில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் சமர்த்தாக ஓடும். கிளம்பி மேலே ஏறும்போது மட்டும் உதறும். ப்ளக்கை மாற்றினார்கள், ஒயரை மாற்றினார்கள், ஃபில்டரைக் கழுவினார்கள். ஒன்றும் சரியாகவில்லை. மிஞ்சியது மேக்னடோ. ப்ளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் பெட்டி அது. அதுதான் கோளாறு என்று நிச்சயமாகத் தெரியாமல் புதிது கேட்கவும் முடியாது. கேட்டாலும் வெளிநாட்டிலிருந்து எப்போது வந்து சேரும் என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

ரூஃபஸோடு வேலை பார்த்த அப்துல் ரஹீமைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒரு வசதி உண்டாம். சந்தேகப்படும் பாகத்தை நல்ல எஞ்சினுக்கு மாற்றிவிட்டு, அங்கிருப்பதை இங்கே மாட்டிப் பறந்து பார்ப்பார்கள். உதறலும் கூடவே அந்தப் பக்கம் போனால் குற்றவாளி பாகம்தான். இன்னொரு வழக்கமும் அவர்களிடம் இருந்தது. கை வைத்தவன் கூடவே பறக்க வேண்டும்.

"வலதுல இருந்த மேக்னடோவ ரூஃபஸ் பாய் இடதுல மாட்டினாரு. நான்தான் பக்கத்துல நின்னு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன்" என்றார் ரஹீம். (அவர் பேசியது தக்கனி, ஹைதராபாத் உருது. தமிழில் போட்டதும் பாதி ருசி போய்விட்டது.) "மாத்தினதும் கேப்டன்கிட்ட சொல்லணும். இன்னைக்கு உதறினா இடதுதான் உதறும், பழக்கத்துல வலதை அணைச்சுடாதீங்கன்னு. ரூஃபஸ் பாய் எப்பவும் சொல்லுவாரு."

"அன்னைக்குச் சொன்னாரா?"

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டே பிளேனுக்கு நடந்து போனாங்கம்மா. என்ன பேசினாங்கன்னு எனக்குக் கேக்கலை."

விமானம் கிளம்பி ஏறும்போது உதறல் வந்தது. உதறும் எஞ்சினை அணைத்துவிட்டு, மற்றதை வைத்து இறங்குவதுதான் வழக்கம். கேப்டன் ரகுநாதன் வலது எஞ்சினை அணைத்தார்.* அணைந்தது நல்ல எஞ்சின். கோளாறு பிடித்த இடது எஞ்சினால் தனியாகத் தூக்க முடியவில்லை. மூசாப்பேட்டைப் பக்கம் ஒரு சோளக்காட்டில் விமானம் விழுந்தது. கேப்டனும் ரூஃபஸும் அங்கேயே போய்விட்டார்கள். விசாரணை செய்தவர்கள், நல்ல எஞ்சின் அணைக்கப்பட்டிருந்தது என்பதைக் கண்டுபிடித்தார்கள். யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதை அவர்களாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

(* எந்தப் பக்கம் உதறுகிறது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாதா என்று நானும் கேட்டேன். மொத்த விமானமும் சேர்ந்து உதறுமாம். யோசிக்கவும் நேரம் இருக்காதாம்.)

4

அக்காவின் காலை வேறு.

அவர்கள் அப்போது செகந்திராபாத்தில் வாடகைக்கு இருந்தார்கள். குகட்பள்ளியில் வீடு ஒதுக்கீடு ஆகியிருந்தது. சொந்த வீடு என்று அக்கா குதித்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போக ரொம்பத் தூரம் என்று ரூஃபஸ் முரண்டு பிடித்தார். வார்த்தை தடித்தது.

"இந்த வீட்டையும் விட்டுட்டா, வாடகை வீட்டிலேயே சாகச் சொல்றீங்களா?" என்று அக்கா கத்தியிருக்கிறார்.

"நக்கோன்னா நக்கோ, வேண்டாம்னா வேண்டாம். வேணும்னா நீ போய் இரு. நான் ஹேங்கர்லயே பிளேனுக்குக் கீழ படுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிப் போனார் ரூஃபஸ். அவ்வளவுதான்.

"சண்டை போட்ட மண்டையோட போன மனுஷன், கிரிஜா. கேப்டன்கிட்ட சொல்ல மறந்திருப்பாரு. நான்தான் மறக்க வச்சுட்டேன். ரெண்டு உசுரு."

அக்காவுக்கு ஏன் பதில் வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரூஃபஸ் சொல்லியிருந்தால், அக்கா மேல் பழி இல்லை. சொல்ல மறந்திருந்தால், அக்கா ஆயுசு முழுக்க...

(இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

5

முடிவு அ: ரூஃபஸ் சொன்னார். கேப்டன் தலையாட்டினார். ஆனால் உதறல் வந்ததும், ஒரு வாரமாகப் பழகிய கை தானாக வலது பக்கம் போய்விட்டது.

இதைத்தான் அக்கா கேட்கிறார். ஆனால் கேப்டனின் மனைவி கல்பகமும் இந்த ஊரில்தான் இருக்கிறார். தமிழ்ப் பத்திரிகை படிக்கிறவர். எச்சரித்தும் கேட்காத மனிதனாக அவருடைய புருஷனை நான் ஆக்க வேண்டும். ஒருத்தியின் கண்ணைத் துடைக்க இன்னொருத்தியின் முந்தானையை இழுப்பதா?

முடிவு ஆ: ரூஃபஸ் மறந்துவிட்டார். "நடந்து போகும்போது அவர் மனம் முழுக்க வீட்டில் நடந்த..." (கை ஓடவில்லை.)

முடிவு இ: யார் மேலும் தப்பில்லை, வலது எஞ்சின் தானாகவே நின்றுவிட்டது. (சுத்தப் பொய். ரஹீம் என் முகத்தில் விழிக்க மாட்டார்.)

கடைசியில் பேரை மாற்றிக்கொள்ளலாம் என்று கோழைத்தனமாக முடிவு அ-வை எடுத்துக்கொண்டேன். போதாதென்று இன்னொரு காரியமும் செய்தேன். நாலாம் பகுதி முழுவதையும் நீக்கினேன். சண்டையே நடக்காவிட்டால் பழிக்கு இடம் ஏது? அக்காவுக்கு நல்லது செய்கிறோம் என்று எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

6

அக்கா வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். ரூஃபஸ் கேப்டனிடம் சொல்லும் இடம் வந்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டார். முடித்ததும் கேட்டார்:

"காலையில நடந்தது எங்கே?"

"எதைச் சொல்றீங்கக்கா?"

"நாங்க சண்டை போட்டது."

"அது கதைக்கு வேண்டாம்னு எடுத்துட்டேன்க்கா."

"யாரைக் கேட்டு எடுத்தே?"

அக்காவுக்கு இவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"அவர் என்கிட்ட கடைசியாப் பேசினது அதுதாண்டி. திட்டினாலும் என்னைத்தானே திட்டினாரு? அதையும் எடுத்துட்டா எனக்குன்னு என்ன இருக்கு?"

"அது இருந்தா, உங்களாலதான் மறந்தாருன்னு படிக்கிறவங்க நினைப்பாங்கக்கா."

"நினைக்கட்டும். அதைப் போடு."

போட்டுவிட்டேன். நீங்கள் படித்த நாலாம் பகுதி அதுதான். அதைப் போட்ட பிறகு முடிவு அ நிற்கவில்லை. அக்காவும் அதை நம்பவில்லை என்று எனக்குப் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, நம்ப முயற்சி செய்து பார்த்தார், பாவம். ஆகவே ரூஃபஸும் கேப்டனும் விமானத்தை நோக்கி நடந்து போகும் இடத்தில் ஒரு வரி காலியாக இருக்கிறது:

ரூஃபஸ் கேப்டனிடம் சொன்னார்: "................................"

வாசகரே, உங்களுக்குத் துணிச்சல் இருந்தால் நிரப்புங்கள். அல்லது "சொன்னார்" என்பதையும் சேர்த்து அடித்துவிடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. எதை எழுதினாலும், மெட்டில்டா அக்காவின் எதிரே உட்கார்ந்து நீங்களே அதை வாசித்துக் காட்ட வேண்டும். நான் ஒரு தடவை வாசித்துவிட்டேன். இன்னொரு தடவை என்னால் முடியாது.