நேற்று வந்த அங்கிள்கள்

விசாரணை நாளன்று தலைமையாசிரியர் அறையில் இருந்தவர்கள் வருமாறு. மேசைக்குப் பின்னாலிருந்த நாற்காலியில் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி. அந்த நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டு அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் தலைமையாசிரியர். கதவோரம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஏட்டு. உட்காரச் சொல்லியும் உட்காராமல் பீரோவில் சாய்ந்து நின்ற பூட்டுக்காரி. எல்லோருக்கும் முகம் தெரியும்படி நடுவில் போட்டிருந்த பெஞ்சில் தனியாக, ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் டீச்சர். ஜன்னலோரத்தில், யாருக்கும் பிறக்காமல், எந்தத் தெருவிலும் வளராமல், ஒரு தேர்வுத்தாளில் டீச்சர் போட்ட சிவப்பு டிக்கினால் ஊருக்குள் வந்து சேர்ந்த அங்கிள்களில் ஒருவர். அவர் பழுப்புச் சட்டை போட்டிருந்தார். குடையை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றி, அதன் பிடிமேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தார். டீ கொடுத்தார்கள், குடித்தார்.

நடந்தது இதுதான். வருவதைக் குறிக்கும் இங்கிலீஷ் வினைச்சொல்லை இறந்தகாலத்தில் சரியாகப் பயன்படுத்தி ஒரு வாக்கியம் எழுது என்று அரையாண்டுத் தேர்வில் ஒரு கேள்வி. அந்தச் சொல்லுக்கு டீச்சர் வருஷா வருஷம் போர்டில் எழுதிப்போடும் உதாரணம் ஒன்றுதான்: மை அங்கிள் கேம் எஸ்டர்டே. என் மாமாவோ சித்தப்பாவோ பெரியப்பாவோ நேற்று வந்தார். டீச்சருக்கு அவருடைய டீச்சர் எழுதிப்போட்டதும் அதுவேதான். பிள்ளைகள் அதை வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டு வைத்திருந்தார்கள். அங்கிள் உள்ளவர்களும் எழுதினார்கள், இல்லாதவர்களும் எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அண்ணி காய் நறுக்கிய இடம் போக மீதியிருந்த இடத்தில் தாள்களைப் பரப்பி, டீச்சர் திருத்தி முடித்தார். மறுநாள் காலை, டிக் வாங்கிய பிள்ளைகளின் வீடுகள் அத்தனையிலும் வாசலில் ஒரு ஜோடி புதுச் செருப்பு கிடந்தது. கொடியில் ஈரத்துண்டு ஒன்று காய்ந்தது. கூடத்தில் பழுப்புச் சட்டைக்காரர் ஒருவர் முந்தின நாள் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். எப்போது வந்தீர்கள் என்று கேட்டால், "நேத்து வந்தேன்" என்றார். அடுத்த நாள் கேட்டாலும், அடுத்த மாதம் கேட்டாலும் அதே பதில்.

பேங்க் கிளார்க் வீட்டில் கணவன் அவரை மனைவியின் உறவென்றும், மனைவி கணவனின் உறவென்றும் நினைத்துக்கொண்டு, ஒருவர் மனம் கோணக்கூடாதென்று இன்னொருவர் போட்டி போட்டு உபசரித்தார்கள். பிறகுதான் சமையலறையில் குசுகுசுப்பு ஆரம்பித்தது. "உங்க பக்கத்து ஆள்தானே?" "எங்க பக்கத்துல யாரு சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டிருக்கா? உன் பக்கம்தான்." "எங்க பக்கத்துல யாரும் இவ்வளவு கம்மியா பேச மாட்டாங்க. ஒரு நாள் இருந்துட்டுப் போனாலே காது வலிக்கும்." அது கிளார்க்குக்கும் நியாயமாகப் பட்டது. ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் சங்கடம் வேறு மாதிரி. அவர் மகன் வினைச்சொல்லைத் தப்பாக எழுதியிருந்தான். பாவம் பார்த்து டீச்சர் அரை மார்க்கும் அரை டிக்கும் போட்டிருந்தார். அந்த வீட்டு அங்கிள் வாசற்படியில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, விரித்த குடையோடு அப்படியே நின்றுவிட்டார். உள்ளே வாங்க என்றாலும் அசையவில்லை, போங்க என்றாலும் அசையவில்லை. ரொட்டித் தட்டுகளைப் பக்கவாட்டில் திருப்பி அவரைத் தாண்டிக் கொண்டுபோக வீட்டார் பழகிக்கொண்டார்கள்.

ஊருக்குச் சந்தேகம் பிடித்தது. முதலில் பீரோ சாவிகள் இடுப்புக்கு வந்தன. பத்திரங்கள் வேறு வீடுகளுக்குப் போயின. அங்கேயும் ஓர் அங்கிள் இருந்ததால் திரும்பி வந்தன. அவர்கள் எதையும் தொடவில்லை. குறைவாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்து, யார் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதுதான் ஊரை இன்னும் கலக்கியது. "எதையும் திருடாம ஒருத்தன் எதுக்குய்யா இன்னொருத்தன் வீட்ல உட்காந்திருப்பான்?" என்று ஏட்டு டீக்கடையில் கேட்டார். ஊரில் பூட்டு விற்று மாளவில்லை. அதனால் சந்தேகம் பூட்டுக்காரி மேலும் விழுந்தது. கடைசியில் தலைமையாசிரியர்தான் தேர்வுத்தாள்களையும் வீடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, டிக் உள்ள இடத்தில்தான் அங்கிள் என்று கண்டுபிடித்தார். டீச்சரின் பேனாவை வாங்கி, தன் சம்பளம் உயர்ந்தது என்று இங்கிலீஷில் ஒரு வாக்கியம் எழுதி, அதற்குத் தானே ஒரு டிக் போட்டும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. டீச்சரின் மேல் அவருக்குச் சந்தேகம் வலுத்ததே அதற்குப் பிறகுதான்.

"பூட்டு வியாபாரத்துல உங்களுக்குப் பங்கு உண்டா?" என்று விசாரணையில் அதிகாரி கேட்டார்.

"அந்தம்மா முகத்தையே இப்பதான் சார் பக்கத்துல பாக்கறேன்" என்றார் டீச்சர்.

"நானும்தான்" என்றாள் பூட்டுக்காரி. "பாத்த வரைக்கும் பங்கு குடுக்கற மாதிரி இல்ல."

"பசங்க எழுதறது உண்மையான்னு பாக்கவே மாட்டீங்களா?"

"வினைச்சொல் சரியா இருந்தா டிக் போடணும் சார். உண்மைக்கெல்லாம் மார்க் கிடையாது."

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். "நீங்க எதுக்கு வந்தீங்க?" அங்கிள் தலையைச் சாய்த்தார். அப்படி ஒரு கேள்வி இருக்கிறதென்பதே அவருக்குப் புதிதாக இருந்தது போலிருந்தது. "வந்தேன்" என்றார். "நேத்து."

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. அதே வகுப்புக்கு வினைச்சொற்களில் மறுதேர்வு. அதில் அங்கிள் நேற்றுத் திரும்பிப் போய்விட்டார் என்று எல்லோரும் சரியான வினைச்சொல்லோடு எழுத வேண்டும். டீச்சர் டிக் போட வேண்டும். ஓர் அங்கிள் மிச்சமிருந்தாலும் டீச்சரின் வேலை நிரந்தரமாகாது, அந்த வருஷத்தோடு வீட்டுக்குப் போகலாம். வீடு என்பது அண்ணன் வீடு. சம்பளம் வரும்போதே மேசையில் பாதி இடம்தான். "வேலை போனா போகட்டும் விடு, இங்க என்ன வேலைக்கா பஞ்சம்?" என்று அண்ணி ஆறுதல் சொன்ன விதத்தில், துடைப்பம் இருக்கும் மூலை டீச்சரின் கண்ணுக்குத் தானாகத் தெரிந்தது.

டீச்சர் ஒரு வாரம் வேறு பாடமே எடுக்கவில்லை. போவதற்கான வினைச்சொல்லை வகுப்பு ஒரே குரலில் கத்தியதில் பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் கூட்டலில் தப்பு விட்டார். மறுதேர்வுத் தாள்களும் அதே மேசையில் ஒரு ஞாயிறன்று திருத்தப்பட்டன. ஒவ்வொரு டிக்குக்கும் ஊரில் ஒரு வாசலில் செருப்பு மறைந்தது. ரொட்டிக்கடைக்காரரின் மகன் இந்த முறை ஒழுங்காக எழுதியிருந்தான். வாசற்படி அங்கிள் உள்ளேயிருந்த காலை எடுத்து வெளியே வைத்து, குடையை மடக்கிக்கொண்டு நடந்தார். அவர் திரும்பி ஒரு கும்பிடு போட்டதாக ரொட்டிக்கடைக்காரர் சொல்கிறார், மனைவி இல்லை என்கிறார். பேங்க் கிளார்க் வீட்டில் அன்றைக்கு ஒரு தட்டு அதிகமாக வைத்துவிட்டு எடுத்தார்கள். "எங்க பக்கத்து ஆளாத்தான் இருந்திருக்கணும்" என்றார் கிளார்க். "ஆமா, இப்ப சொல்லுங்க" என்றார் மனைவி. "கண்ணு அப்படியே எங்க பெரியண்ணன் கண்ணு."

கடைசித் தாள் பூட்டுக்காரியின் மகளுடையது. வகுப்பில் முதல் மாணவி. வினைச்சொல்லில் ஒருநாளும் சறுக்காதவள். அந்தத் தாளில் ஒரு வினைச்சொல்கூடச் சரியாக இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட எழுதிவிடக்கூடியதெல்லாம் தப்பு. ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல், அழகான கையெழுத்தில் தப்பு. டீச்சருக்குப் பார்த்தவுடனே சந்தேகம் வந்தது.

"ஒண்ணுகூடவா தெரியல?" என்று மறுநாள் கேட்டார்.

"மறந்துடுச்சு டீச்சர்."

"போன வாரம் தெரிஞ்சுதே?"

"நேத்துதான் மறந்தேன்."

தலைமையாசிரியர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "ஒரு டிக்தானேம்மா. கண்ணை மூடிட்டுப் போடுங்க. யாரு பாக்கப் போறா?" டீச்சர் பேனாவைத் திறந்தார். ரொட்டிக்கடை வாசற்படி கண்முன் வந்து நின்றது: ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. தப்பான வினைச்சொல்லுக்கு டிக் போட்டால் பூட்டுக்காரி வீட்டு அங்கிள் எந்த வாசலில், எந்தக் கணக்கில் நிற்பார் என்று யாருக்குத் தெரியும்? பேனாவை மூடிக்கொண்டு பூட்டுக்கடைக்குப் போனார்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. பூட்டுக்காரி கல்யாணம் செய்துகொண்ட நாளிலேயே இரண்டு பக்கத்துச் சொந்தமும் அறுந்தது. புருஷனும் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கும் மகளுக்கும் ஆளே கிடையாது. மற்ற வீடுகளில் உன் பக்கமா என் பக்கமா என்று இழுத்துக்கொண்டிருந்தபோது, இங்கே வந்த அங்கிள் மட்டும் சந்தேகத்துக்கே இடமில்லாமல் எந்தப் பக்கத்து ஆளும் இல்லை. அதனால் அவள்தான் அவரை ஊரிலேயே அதிகமாகச் சந்தேகப்பட்டாள். பெட்டிக்குத் தினமும் பூட்டை மாற்றினாள். ஒரு நாள் வேண்டுமென்றே பெட்டியைத் திறந்து வைத்து, தன்னிடமிருந்த ஒற்றை வளையலை மேலே போட்டுவிட்டு, சுவருக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவர் எழுந்து வந்து, "பல்லி விழும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பெட்டியை மூடிவிட்டுப் போய் உட்கார்ந்தார். சாவி தொலைந்த யார் வீட்டுப் பூட்டையாவது உடைக்க அவள் போயிருக்கும்போது மகள் பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் அவரிடம் சொல்வாள். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

டீச்சர் போனபோது பூட்டுக்காரி சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கிள் விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"பாக்க வந்தீங்களா, கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"நம்பிட்டீங்களா இவர?"

"நம்பறதா? என் மேலேயே எனக்கு நம்பிக்கை கிடையாது. இவர் மேல எனக்கு டன் கணக்குல சந்தேகம் இருக்கு டீச்சர்." அரத்தைக் கீழே வைத்தாள். "ஆனா சந்தேகப்படறதுக்காவது வீட்ல ஒரு ஆள் வேணும்ல?"

விளக்கைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில் சிவப்புக் கயிற்றில் ஒரு சாவி தொங்கியதை டீச்சர் அப்போதுதான் பார்த்தார். திரும்பி நடந்தார். அன்றே அந்தத் தாளில் ஒவ்வொரு வரிக்கும் பெருக்கல் குறி போட்டு, மேலே வட்டமாக ஒரு முட்டை போட்டார். பிறகு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். ஒரு மாணவி நீங்கலாக அனைவரும் வினைச்சொற்களைச் சரியாகப் பயன்படுத்தினர். அம்மாணவிக்கு மீண்டும் கற்பித்து மீண்டும் தேர்வு வைப்பது அவசியம். வேறொருவர் போடும் டிக்குக்குப் பலனில்லை என்பதைத் தலைமையாசிரியரே சோதித்து அறிந்துள்ளார். ஆகவே இவ்விஷயம் முடியும்வரை நான் இப்பள்ளியை விட்டுப் போவது உசிதமல்ல.

அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எங்கோ ஏமாற்றப்படுகிறோம் என்று தோன்றியது. எங்கே என்று தெரியவில்லை. அடுத்த தேர்வுவரை நீட்டிப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பின் வந்தவர் கோப்பைப் படித்துவிட்டு முந்தின அதிகாரியைச் சந்தேகித்தார், பின்பு அவரும் நீட்டித்தார். பூட்டுக்காரியின் மகள் மற்றப் பாடங்களில் தேறி மேல் வகுப்புகளுக்குப் போனாள், பிறகு பஸ் கண்டக்டர் வேலைக்குப் போனாள். ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்து, யூனிஃபார்மோடு ஏழாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, எல்லா வினைச்சொற்களையும் கவனமாகத் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். பிள்ளைகள் அவளுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்காருகிறார்கள். டீச்சர் அண்ணன் வீட்டை விட்டுத் தனி வீடு பார்த்துக்கொண்டார். மேசை முழுவதும் அவருடையது. அவருக்கு முடி நரைத்துவிட்டது. அங்கிளின் சட்டை மடிப்புக்கூடக் கலையவில்லை.

இந்த வருஷத்துக் கடிதத்தையும் எழுதி, மடித்து, உறைக்குள் போட்டு, பசை தடவிக் கட்டைவிரலால் அழுத்தினார் டீச்சர். கடிதத்தை வாங்கிப்போய்த் தபாலில் போட வந்த அங்கிள் ஜன்னலோரத்தில் குடையோடு காத்திருந்தார்.

"எப்ப வந்தீங்க?" என்று டீச்சர் வழக்கப்படி கேட்டார்.

"நேத்து வந்தேன் டீச்சர்."

அங்கிள் உறையை வாங்கி, இத்தனை காலம் பூட்டுக்காரி வீட்டில் இருந்த பழக்கத்தில், ஒட்டிய இடத்தை இழுத்துப் பார்த்தார். நன்றாகவே ஒட்டியிருந்தது. தெருமுனைத் தபால்பெட்டி வரை போய் அதைப் போட்டார். விழுந்த சத்தம் கேட்ட பிறகும், பெட்டியின் வாயைத் திறந்து உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போனார்.